8051-ஐப் பெரிதாக்கலாமா? ஜக்கார்டு தறி போர்டை வைத்து ஒரு நீளமான பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும். சென்னிமலையில் உங்கள் மாமாவின் தறிப்பட்டறை. பெட்ஷீட் தறியில் 1344 ஹூக் எலக்ட்ரானிக் ஜக்கார்டு, அதாவது பூ டிசைனுக்கு ஏற்றபடி பாவு இழைகளைத் தூக்குகிற 1344 கொக்கிகள் கொண்ட கருவி. கண்ட்ரோலர் போர்டில் 8051 என்ற பழைய 8 பிட் மைக்ரோகண்ட்ரோலர் குடும்பத்தைச் சேர்ந்த 8031 சிப், பக்கத்தில் புரோகிராமை வைத்திருக்கிற 27சி256 ஈப்ராம் சிப் ஒன்று, டிசைனுக்கு பேட்டரியோடு கிட்டத்தட்ட 64 கேபி ரேம். போர்டைச் செய்து கொடுத்தவர் தொழிலை விட்டுவிட்டார். நீங்கள் இசிஇ கடைசி வருடம். 8051-ஐ எஃப்பிஜிஏ-வில் (உள் சர்க்யூட்டை நாமே எழுதிக்கொள்ளக்கூடிய சிப்) எழுதி, 64 கேபி முகவரி எல்லையை உடைத்து, 32 பிட் கணக்கும் சேர்த்து ஒரு புது 8051 செய்யலாமா, இல்லை ரிஸ்க்-ஃபைவ் என்ற, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய புது ஆர்க்கிடெக்சர் இருக்கிற காலத்தில் இது வெட்டி வேலையா என்று கேட்கிறீர்கள்.

செய்யலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற வரிசையில் செய்தால் பாதி வழியில் நின்றுவிடும். நீங்கள் கட்டளைத் தொகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், அதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. 8051-க்கு 255 கட்டளை எண்கள், ஒரு மாதம் உட்கார்ந்தால் வெரிலாக் என்ற சர்க்யூட் எழுதும் மொழியில் எழுதி முடித்துவிடலாம், ஏற்கெனவே எழுதி வைத்திருப்பவர்களும் நிறைய. அந்த ஈப்ராமில் இருக்கிற பழைய புரோகிராம் எதையெல்லாம் நம்பி ஓடுகிறது என்பதுதான் பெரிய வேலை. அது கட்டளைகளை மட்டும் நம்பவில்லை, நேரத்தை நம்புகிறது, சிப்பின் கால்கள் நடந்துகொள்கிற விதத்தை நம்புகிறது, யாரும் தொடமாட்டார்கள் என்று விட்ட காலி இடங்களையும் நம்புகிறது. பழைய புரோகிராமின் கண்ணோட்டத்தில் இவை அத்தனையும் சேர்ந்ததுதான் ஆர்க்கிடெக்சர்.

அதற்கு முன்னால் இன்னொன்று. 8051 சாகவே இல்லை. 1980-ல் இன்டெல் கொண்டுவந்தது. இன்டெல் அதை விட்டு நெடுநாளாகிவிட்டது, ஆனால் அதே கட்டளைகளை ஓட்டும் சிப்புகள் சீனாவில் எஸ்டிசி, டபிள்யூசிஎச் மாதிரி கம்பெனிகளிடமிருந்து இன்றைக்கும் வந்துகொண்டிருக்கின்றன. மாமாவின் போர்டில் 8031 மட்டும் போயிருந்தால் அந்த 40 கால் சாக்கெட்டில் ஒரு ஏடி89எஸ்52-ஐ வைத்துப் பாருங்கள். 8031 என்பது உள்ளே ரோம் இல்லாத 8051, அதனால் போர்டில் இஏ காலை ஏற்கெனவே கிரவுண்டில்தான் கட்டியிருப்பார்கள். புது சிப்பும் தன் உள் ஃபிளாஷைப் பார்க்காமல் வெளியே இருக்கிற ஈப்ராமிலிருந்தே ஓடும். சில நூறு ரூபாயில் முடிகிற காரியத்துக்கு எஃப்பிஜிஏ தேவையே இல்லை.

இசட்80 என்ற இன்னொரு பழைய 8 பிட் சிப்பை வைத்திருப்பவர்கள் பாடுதான் வேறு. 1976-லிருந்து விற்ற சிப்பை, 2024 ஏப்ரலில் அதைச் செய்கிற ஜைலாக் கம்பெனி இனிமேல் செய்யமாட்டோம், ஜூன் 14-க்குள் கடைசி ஆர்டர் கொடுத்துவிடுங்கள் என்று அறிவித்துவிட்டது. 24 பிட் முகவரி கொண்ட அதன் வாரிசு இஇசட்80 இருக்கிறது, ஆனால் அது பழைய 40 கால் சாக்கெட்டில் உட்காராது. அதனால்தான் உடனே சிலர் ஓப்பன் சோர்ஸில் ஒரு இசட்80-ஐ வடிவமைத்து 130 நானோமீட்டரில் சிலிக்கானாகவே அச்சடிக்க இறங்கினார்கள். ஹிட்டாச்சியின் சூப்பர்எச் சிப் வரிசையின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். சேகா சாட்டர்ன் விளையாட்டுப் பெட்டிக்குள் இருந்த ஹிட்டாச்சி எஸ்எச்-2, அதன் காப்புரிமைகள் 2014-ல் காலாவதியானதும் ஒரு குழு அதைப் புதிதாக, வெரிலாக் மாதிரியே இன்னொரு மொழியான விஎச்டிஎல்-லில் எழுதி 2015-ல் ஜே2 என்ற பெயரில் வெளியிட்டது, லினக்ஸும் ஓடியது. அவர்கள் புதிதாகச் சேர்த்தது என்ன என்று பாருங்கள்: பல பிட்களை ஒரே தடவையில் நகர்த்தும் ஷிஃப்ட் கட்டளைகள், அதுவும் அடுத்த தலைமுறை எஸ்எச்-3-லிருந்து எடுத்தவை, அப்புறம் இரண்டு கோர்கள் (கட்டளைகளை ஓட்டுகிற மையப் பகுதிகள்) ஒரே நினைவகத்தைத் தொடும்போது தேவைப்படுகிற கம்பேர் அண்ட் ஸ்வாப். விஷயம் தெரிந்தவர்கள் இவ்வளவு சிக்கனமாகத்தான் கை வைக்கிறார்கள்.

சரி, உங்கள் போர்டுக்கு வருவோம். நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்ட பழைய 8051-ல் ஒரு மெஷின் சைக்கிள் 12 கிளாக், அதாவது சரியாக 1 மைக்ரோ செகண்ட். சாதாரண கட்டளைகள் பல 1 சைக்கிள், வேறு இடத்துக்குத் தாவும் ஜம்ப்பும் சப்ரூட்டீனை அழைக்கும் கட்டளையும் 2, பெருக்கலும் வகுத்தலும் மட்டும் 4. அந்தக் காலத்தில் அசெம்பிளி எழுதியவர்களுக்கு இது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஆர்7 ரெஜிஸ்டரில் 250 போட்டு, ஒவ்வொன்றாகக் குறைத்து 0 ஆகும்வரை தாவுகிற டிஜேஎன்இசட் கட்டளை கொண்டு அதே இடத்தில் சுற்றவிட்டால் 500 மைக்ரோ செகண்ட் கழியும் என்று தெரியும், அதை வைத்தே ஹூக் காந்தங்களுக்கு டேட்டாவை ஷிஃப்ட் செய்து, கொஞ்சம் காத்திருந்து, இப்போது பிடித்துக்கொள் என்கிற ஸ்ட்ரோப் சிக்னல் கொடுத்திருப்பார்கள். இணையத்தில் கிடைக்கிற 8051 கோர்களில் பல, ஒரு கிளாக்குக்கு ஒரு கட்டளை என்பதைப் பெருமையாகச் சொல்லும். அதை அப்படியே கொண்டுவந்து வைத்தால் அந்த 500 பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், காந்தம் பிடிப்பதற்குள் ஸ்ட்ரோப் போய்விடும். இதில் குழப்புகிற விஷயம், டைமர்களை மட்டும் இந்த வேகக் கோர்களில் பெரும்பாலும் பழைய மாதிரி 12-ஆல் வகுத்தே ஓடவிட்டிருப்பார்கள். கம்ப்யூட்டரோடு பேசுகிற சீரியல் வேகம் டைமரிலிருந்துதான் வருகிறது. உங்கள் போர்டில் 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்தால் 12-ஆலும் 32-ஆலும் வகுத்து 28800, டைமரின் டிஎச்1 ரெஜிஸ்டரில் எஃப்டி போட்டால் மூன்றில் ஒரு பங்கு, 9600 பாட். அது சரியாகவே வரும். ஆக, கம்ப்யூட்டரிலிருந்து டிசைன் ஒழுங்காக ஏறும், டிஸ்ப்ளே ஒழுங்காகக் காட்டும், துணியில் மட்டும் பூ கோணலாக வரும். பிழை ஹூக்கில் இருக்கிறதா, ஒயரிங்கில் இருக்கிறதா என்று ஃபிட்டரும் நீங்களும் மாறி மாறித் தேடுவீர்கள்.

அதனால் உங்கள் கோரில் 12 கிளாக் முறை ஒன்று கட்டாயம் இருக்கட்டும், பழைய புரோகிராம் அதில்தான் ஓடவேண்டும். வேகத்தை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து கால்கள். மற்ற மைக்ரோகண்ட்ரோலர்களில் ஒரு காலை இன்புட் என்றோ அவுட்புட் என்றோ எழுதி வைக்க ஒரு ரெஜிஸ்டர் இருக்கும், 8051-ல் அது கிடையாது. போர்ட் 1, 2, 3 மூன்றும் 0 எழுதினால் நன்றாக இழுத்துப் பிடிக்கும், 1 எழுதினால் ஒரு மெல்லிய புல்-அப் மட்டும் மேலே பிடித்துக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அதைக் கீழே இழுத்துவிடலாம். 0-விலிருந்து 1-க்கு மாறுகிற நேரத்தில் மட்டும் 2 கிளாக் அளவுக்கு பலமாக மேலே தள்ளும். போர்ட் 0-வுக்கு அந்த மெல்லிய புல்-அப்பும் இல்லை. எஃப்பிஜிஏ கால்கள் இப்படி நடக்காது, நீங்கள்தான் நடக்க வைக்கவேண்டும். போதாக்குறைக்கு போர்டு முழுக்க 5 வோல்ட், இன்றைய எஃப்பிஜிஏ 3.3, நடுவில் லெவல் ஷிஃப்டர் வேண்டும், அதிலும் திசையைத் தானே கண்டுபிடிக்கும் வகைச் சிப்புகள் இந்த மெல்லிய புல்-அப்போடு அடிக்கடி சண்டை போடும்.

இதற்குள்ளேயே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். மூவ் ஏ, பி1 என்றால் சிப் காலின் மின்னழுத்தத்தைப் படிக்கும். ஆனால் ஓஆர்எல் பி1, ஏஎன்எல் பி1, ஐஎன்சி பி1, சிபிஎல் பி1.3 இப்படிப் படித்து மாற்றி எழுதுகிற கட்டளைகள் காலைப் படிக்காது, கடைசியாக எழுதியதை உள்ளே பிடித்து வைத்திருக்கிற லேட்ச்சைப் படிக்கும். காரணம் இருக்கிறது: ஒரு கால் டிரான்சிஸ்டரின் பேஸை ஓட்டுகிறது என்று வையுங்கள், நீங்கள் 1 எழுதினாலும் காலில் 0.7 வோல்ட்தான் நிற்கும். காலைப் படித்தால் 0 என்று வரும், அதை மாற்றித் திருப்பி எழுதினால் ஓடிக்கொண்டிருந்த டிரான்சிஸ்டர் அணைந்துவிடும். மாணவர்கள் எழுதுகிற கோர்களில் சிமுலேஷன் எல்லாம் பாஸ் ஆகி, போர்டில் மாட்டியதும் ரிலே துடிக்கிறது என்று வந்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

ஏஎல்இ காலையும் மறந்துவிடாதீர்கள். அது முகவரியை லேட்ச் செய்வதற்கான சிக்னல், ஆனால் கிரிஸ்டலின் ஆறில் ஒரு பங்கு வேகத்தில் இடைவிடாமல் துடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் பல பேர் அதை ஒரு இலவச கிளாக்காக எடுத்து, 7474 சிப்பில் வகுத்து, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுகிற ஏடிசி0809 சிப்புக்குக் கொடுத்திருப்பார்கள். நம் பக்கத்து போர்டுகளில் இது சர்வசாதாரணம். வெளி ரேமைத் தொடுகிற மூவ்எக்ஸ் கட்டளை நடக்கும்போது மட்டும் ஒரு துடிப்பு விட்டுப்போகும், ஏடிசி அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் உங்கள் புதுக் கோரில் நினைவகம் உள்ளேயே இருக்கிறது, ஏஎல்இ எதற்கு என்று எடுத்துவிட்டால் ஏடிசி செத்துவிடும். மாமாவின் போர்டில் ஏஎல்இ தடத்தை மல்டிமீட்டர் வைத்து எங்கெங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

பவர் போடும் நேரமும் அப்படித்தான். 8051 ரீசெட் ஆனதும் எல்லா போர்ட்டும் 1. போர்டு வடிவமைத்தவர் 1 என்றால் மோட்டார் நிறுத்தம், சாலினாய்டு விடுதலை என்று அமைத்திருப்பார். எஃப்பிஜிஏ தன் ஃபிளாஷிலிருந்து தன்னை ஏற்றிக்கொள்ள கொஞ்ச நேரம் எடுக்கும், அதுவரை கால்கள் யாருக்கும் சொந்தமில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வெளியே புல்-அப் ரெசிஸ்டர் வையுங்கள். தறியில் கை வைத்துக்கொண்டு ஆள் நிற்பார், இதில் சோதனை பார்க்கக்கூடாது.

இப்போது பெரிதாக்கும் பகுதி. எந்தப் பழைய ஆர்க்கிடெக்சரைப் பெரிதாக்கியவர்களும் தேடியது ஒன்றுதான், பழைய புரோகிராம்கள் கால் வைக்காத காலி இடம். இன்டெல்லின் பழைய 8080 சிப்பில் 256 கட்டளை எண்களில் 12 காலியாக இருந்தன. 8085 செய்த இன்டெல் அதில் இரண்டை எடுத்து, 20-ல் ரிம், 30-ல் சிம் என்று வைத்தது (இங்கிருந்து 20, 30, ஏ5 மாதிரி வருகிற கட்டளை எண்களும் எஸ்எஃப்ஆர் முகவரிகளும் ஹெக்ஸ் எண்கள்). அதே 1976-ல் இசட்80 செய்தவர்கள் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடம் 20 என்பது ஜேஆர் என்இசட் என்ற தாவும் கட்டளை. லேபில் 8085 கிட்டில் ரிம், சிம் தட்டிப் பழகிய நாம் எல்லோருக்கும் இது ஒரு வேடிக்கை, அந்தப் புரோகிராமை இசட்80-ல் போட்டால் ரிம் வருகிற இடத்தில் எங்கேயோ தாவிப் போய்விடும். 8085-ல் மீதி 10 இடங்களிலும் கட்டளைகளை வைத்த இன்டெல் அவற்றை வெளியே சொல்லவே இல்லை, 8086 வரப்போகிறது என்பதால்.

காலி என்று நினைத்த இடத்தில் ஆள் குடியிருந்த கதையும் உண்டு. மோட்டரோலா 68000-ல் ரெஜிஸ்டர்கள் 32 பிட், ஆனால் வெளியே வந்த முகவரி 24 பிட்தான். மேலே இருக்கிற 8 பிட்டை சிப் கண்டுகொள்ளாது. ரேம் பஞ்சமாக இருந்த காலம், மேக்கின்டாஷ் சிஸ்டம் எழுதியவர்கள் அந்த 8 பிட்டில் தங்கள் கொடிகளைச் சொருகினார்கள். பின்னால் முழு 32 பிட் முகவரியோடு 68020 வந்ததும் அதெல்லாம் உடைந்தது, அதைச் சரிசெய்ய ஆப்பிளுக்கு வருடக்கணக்கானது. ஐபிஎம் பிசி உலகத்தில் இதே நோய்க்குப் பெயர் ஏ20. 8086-ல் முகவரி 1 எம்பியைத் தாண்டினால் சுற்றி 0-வுக்கு வந்துவிடும், அதை நம்பிச் சில புரோகிராம்கள் இருந்தன, 286 வந்தபோது அந்த ஒரு முகவரிக் கம்பியை நிறுத்தவும் விடவும் கீபோர்டு கண்ட்ரோலரின் ஒரு மிச்சக் காலைப் பிடித்து வேலை வாங்கினார்கள். பார்க்க அசிங்கம்தான், ஆனால் பழைய புரோகிராம் ஓடியது.

எனக்குப் பிடித்தது மெகா65 கம்ப்யூட்டரில் செய்த வேலை. 6502 என்ற பழைய 8 பிட் சிப்பின் வழிவந்த 8 பிட் கோர், எஃப்பிஜிஏ-வில் 40 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதில் 32 பிட் கணக்கைச் சேர்க்க அவர்களுக்குக் காலி எண்ணே மிச்சமில்லை, 256-ம் நிரம்பியாயிற்று. என்ன செய்தார்கள் என்றால் நெக் என்ற கட்டளையை அடுத்தடுத்து இரண்டு முறை போட்டால் அதற்குப் பின்னால் வருகிற கட்டளையை 32 பிட்டாக எடுத்துக்கொள் என்று வைத்தார்கள், ஏ, எக்ஸ், ஒய், இசட் நாலு ரெஜிஸ்டரும் சேர்ந்து ஒன்றாகிவிடும். ஒரு எண்ணை இரண்டு முறை எதிர்க்குறி மாற்றினால் பழைய எண்ணே வரும், அப்படி எழுதுகிற புரோகிராமர் எவரும் இருக்கமாட்டார் என்பது கணக்கு. இருந்தாலும் பெரிதாகக் கெடாது.

8051-ல் எந்த இடம் காலி? கட்டளை எண்களில் ஒன்றே ஒன்று, ஏ5. மீதி 255-ம் நிரம்பியது. இன்டெல்லே பின்னால் 8051-க்கு வாரிசாக எம்சிஎஸ்-251 செய்தபோது அந்த ஏ5-ஐத்தான் வாசலாக வைத்தது, ஏ5-க்குப் பின்னால் வருவது புது உலகத்துக் கட்டளை. எஸ்டிசி-யின் 32 பிட் 8051 என்று விற்கிறார்களே, அதுவும் இந்த 251 வழிதான். நீங்களும் ஏ5-ஐப் பிடித்து 32 பிட் கட்டளைகள் சேர்க்கலாம், அழகாகவும் இருக்கும், புராஜெக்ட் வைவாவில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்தக் கட்டளைகளை உமிழும் கம்பைலர் எங்கே? 8051-க்கான எஸ்டிசிசி கம்பைலர் ஓப்பன் சோர்ஸ்தான், அதைத் திருத்தலாம், ஆனால் அன்றிலிருந்து அந்தத் திருத்தம் உங்கள் சொத்து, உங்கள் சுமை. பெரிய ஆர்க்கிடெக்சர்களுக்கே இந்தக் கதி உண்டு. 2019-ல் ஜிசிசி கம்பைலரிலிருந்து 68000 வரிசையைக் கழற்றிவிடும் நிலை வந்தது, ஆர்வலர்கள் பணம் திரட்டி ஆள் பிடித்து அந்தப் பகுதியைப் புது முறைக்கு மாற்றி எழுத வைத்துத்தான் காப்பாற்றினார்கள். கம்பைலர் போனால் கோர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த ஆள் அதைத் தொடமாட்டார்.

முகவரியைப் பெரிதாக்குவதில் இன்னொரு பள்ளம். கோட் முகவரியை 24 பிட்டாக்கினால் சப்ரூட்டீனை அழைக்கும் எல்கால் கட்டளை திரும்ப வரவேண்டிய முகவரிக்காக ஸ்டாக்கில் 2 பைட்டுக்குப் பதில் 3 பைட் தள்ளவேண்டும், திரும்பி வரும் ரெட் கட்டளை 3 பைட் எடுக்கவேண்டும். பழைய ஆட்கள் ஜம்ப் டேபிளுக்கு ஒரு வித்தை வைத்திருந்தார்கள்: போகவேண்டிய முகவரியை இரண்டு புஷ் போட்டு ஸ்டாக்கில் ஏற்றிவிட்டு ரெட் போடுவது. உங்கள் 3 பைட் ரெட் அங்கே வேறு யாருடைய பைட்டையோ சேர்த்து எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடும். ஆகவே கோட் பக்கம் தொடவே வேண்டாம், உங்களுக்கு அது தேவையும் இல்லை, ஈப்ராம் 32 கேபி-தான்.

நிஜமாகவே தாராளமாகக் காலி இருப்பது எஸ்எஃப்ஆர் பகுதியில், அதாவது போர்ட், டைமர் மாதிரி உள் கருவிகளை இயக்குகிற சிறப்பு ரெஜிஸ்டர்கள் இருக்கிற இடத்தில். 80-லிருந்து எஃப்எஃப் வரை 128 முகவரிகள், அசல் 8051 அதில் 21-ஐத்தான் பயன்படுத்தியது, அதன் பெரிய வடிவமான 8052 26-ஐ. சீமென்ஸ் தன் 8051 வகைச் சிப்பான 80சி517-ல் 32 பிட் விடை தரும் பெருக்கலையும் 32 பிட் எண்ணை 16 பிட் எண்ணால் வகுப்பதையும் இப்படித்தான் கொண்டுவந்தது. கட்டளை எதையும் மாற்றவில்லை, எண்களைச் சில எஸ்எஃப்ஆர்-களில் எழுது, விடையை அங்கேயே படி, அவ்வளவுதான். சாதாரண மூவ் கட்டளை போதும், எந்தக் கம்பைலரும் ஒத்துக்கொள்ளும். 32 பிட் கணக்கு ஆசைக்கு இதைச் செய்யுங்கள், ஏ5-ஐ விட்டுவிடுங்கள்.

இனி 64 கேபி. இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊடை இழை ஒரு தடவை குறுக்கே ஓடுவது ஒரு பிக். ஹூக்குக்கு ஒரு பிட் வீதம் 1344 ஹூக் என்றால் ஒரு பிக்குக்கு 168 பைட். 65,536-ஐ 168-ஆல் வகுத்தால் 390 பிக். அங்குலத்துக்கு 40 பிக் என்று வைத்தால் பத்து அங்குலம்கூட வராது, அதனால்தான் மாமாவின் பெட்ஷீட்டில் அதே பூ திரும்பத் திரும்ப வருகிறது. 90 அங்குலத்துக்கும் திரும்ப வராத டிசைன் வேண்டும் என்றால் 3600 பிக், 6,04,800 பைட். முகவரியைப் பெரிதாக்கி, வெளி ரேமின் முகவரியை வைத்திருக்கும் டிபிடிஆர் ரெஜிஸ்டரை 24 பிட்டாக்கி (டல்லாஸ் கம்பெனியின் 390 சிப் அப்படிச் செய்தது), புரோகிராமைத் திருத்தி எழுதி என்று போகலாம். ஆனால் சோர்ஸ் கையில் இல்லாத புரோகிராமை டிஸ்அசெம்பிள் செய்து நடுவில் பைட் சேர்ப்பது நரக வேதனை.

நான் செய்தால் இப்படிச் செய்வேன். அதே எஃப்பிஜிஏ-வுக்குள் பழைய 8051-ஐ 12 கிளாக் முறையில் அப்படியே வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன ரிஸ்க்-ஃபைவ் கோரையும் வைப்பேன். இரண்டுக்கும் பொதுவாக 64 பிக் பிடிக்கிற அளவுக்கு இருவழி ரேம், 10,752 பைட், சின்ன எஃப்பிஜிஏ-வின் உள் ரேமே போதும். 8051-க்கு அது வழக்கமான டிசைன் ரேம் இருக்கிற முகவரியில் தெரியும். அதனிடம் இந்த டிசைன் 64 பிக்தான், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து என்று சொல்லிவிடுங்கள், அது வாழ்நாள் முழுக்க அந்த 64-ஐயே சுற்றிக்கொண்டிருக்கும். அது படித்து முடித்துக் கடந்த இடத்தில் ரிஸ்க்-ஃபைவ் எஸ்டி கார்டிலிருந்து அடுத்த பிக்குகளை எடுத்து நிரப்பிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 200 பிக் ஓடுகிற தறியில் ஒரு பிக்குக்கு 0.3 செகண்ட், ரிஸ்க்-ஃபைவுக்கு அது யுகம். பழைய புரோகிராமில் ஒரு பைட் மாற்றவில்லை, டிசைன் எஸ்டி கார்டு கொள்கிற அளவுக்குப் போகலாம். வேகத்தை வேறு இடத்தில் வாங்கலாம் என்று சொன்னது இதைத்தான்.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஊடை அறுந்தால் தறி ஓட்டுகிறவர் தறியைப் பின்னால் சுற்றி, அறுந்த பிக்கைப் பிடித்து எடுப்பார், அப்போது 8051 டிசைனில் பின்னால் போகும். நீங்கள் கடந்த பிக்குகளை உடனே அழித்து எழுதிவிட்டால் அங்கே வேறு பூ இருக்கும். 64-ல் பாதி முன்னால் வருவதற்கு, பாதி கடந்து போனதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் போனால் ரிஸ்க்-ஃபைவும் பின்னால் நிரப்பவேண்டும். இன்னொன்று கரண்ட் போவது. 8051 தன் பிக் எண்ணை பேட்டரி ரேமில் வைத்திருக்கும், ஆனால் அதற்குத் தெரிந்தது 64-க்குள் எத்தனையாவது என்பது மட்டும்தான், எத்தனையாவது சுற்று என்பது ரிஸ்க்-ஃபைவுக்குத்தான் தெரியும். அந்தச் சுற்று எண்ணையும் கரண்ட் போனால் அழியாத இடத்தில் எழுதி வையுங்கள், ஒவ்வொரு பிக்குக்கும் ஃபிளாஷில் எழுதினால் ஃபிளாஷ் தேய்ந்துவிடும், எளிதில் தேயாத எஃப்ராம் நினைவகச் சிப் ஒன்று போடுங்கள்.

ரிஸ்க்-ஃபைவ் இருக்கும்போது பழசு எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே வந்துவிட்டது. புதிதாக எழுதுகிற கோடுக்கு ரிஸ்க்-ஃபைவ்தான், அதில் மறுபேச்சே இல்லை, தனிக் கட்டளைகள் சேர்ப்பதற்கென்றே அதில் எண்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், கம்பைலருக்கும் அலைய வேண்டாம். நம் சென்னை ஐஐடி-யின் சக்தி கோரும் அந்த வழிதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற, நம்பிக்கை வந்துவிட்ட கோடு இருந்தால் கணக்கு மாறும். இஸ்ரோவைப் பாருங்கள், 2009-லிருந்து ராக்கெட்டுகளில் போன 16 பிட் விக்ரம்1601-ஐ அடுத்து 32 பிட்டுக்குப் போனபோது, சொந்தக் கட்டளைத் தொகுப்பிலேயே நின்று விக்ரம்3201 செய்தார்கள், 2025 மார்ச்சில் கைக்கு வந்தது. ஏடா கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர் எல்லாம் அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். கூடவே வந்த கல்பனா3201 ஸ்பார்க் வி8, அதுவும் பழைய ஆர்க்கிடெக்சர்தான்.

சோதனைக்கு ஒரு வழி சொல்கிறேன். இசட்80-க்கு இசட்எக்ஸ்ஆல், 6502-க்குப் பெயர் பெற்ற சோதனைப் புரோகிராம்கள் எல்லாம் இருக்கின்றன. உங்களிடம் அதைவிட நல்லது இருக்கிறது, உயிரோடு ஒரு 8031. உள்ளே ரோம் இல்லாததால் அது எடுக்கிற ஒவ்வொரு பைட்டும் வெளியே பஸ்ஸில் தெரியும். வெளி ஈப்ராமைப் படிக்கும் நேரத்தைக் காட்டுகிற பிஎஸ்இஎன் காலோடு சேர்த்து போர்ட் 0, போர்ட் 2-வில் லாஜிக் அனலைசரை மாட்டி, தறி ஒரு சின்ன டிசைனை ஓட்டும்போது முழுவதையும் பதிவு செய்யுங்கள். அதே ஈப்ராம் பிம்பத்தை உங்கள் கோரில் ஓட்டி, முகவரி வரிசை எங்கே முதலில் பிரிகிறது என்று பாருங்கள், பிழை அதற்கு ஒன்றிரண்டு கட்டளை முன்னால் இருக்கும். இன்டரப்ட் வருகிற நேரம் மட்டும் கொஞ்சம் முன்பின் ஆகும், அதற்குப் பயப்படவேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வாரமே ஈப்ராமைக் கழற்றி, ரீடரில் வைத்து, பல தடவை படித்து, எல்லாம் ஒன்றாக வருகிறதா என்று ஒப்பிட்டு, பிம்பத்தை இரண்டு மூன்று இடத்தில் சேமித்துவிடுங்கள். ஈப்ராமின் மேல் இருக்கிற கண்ணாடி ஜன்னலில் ஒட்டிய ஸ்டிக்கர் உரிந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். ஈப்ராமின் சார்ஜ் வருடங்களில் கசியும், ஒரு பிட் போனாலும் அப்புறம் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் அதிர்ஷ்டம், அது தனி ஈப்ராம். யாரும் படிக்கமுடியாதபடி பூட்டு பிட் போட்ட 89எஸ்52-க்குள் இருந்திருந்தால் வெளியே எடுக்கவே முடியாது.

மற்ற பட்டறைகளுக்கும் செய்து விற்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 8051 கட்டளைத் தொகுப்பால் பிரச்சினை வராது, 1980 சமாச்சாரம், காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்தது. ஆனால் ஈப்ராமுக்குள் இருக்கிற புரோகிராம் அந்த போர்டு செய்தவருடையது, தொழிலை விட்டாலும் அவருடையதுதான். மாமாவின் தறியை ஓட்டிக்கொள்வது வேறு, பிரதி எடுத்து விற்பது வேறு. தொழிலை விட்டாரே தவிர ஊரை விட்டிருக்கமாட்டார், மாமாவிடம் நம்பர் இருக்கும், நேரில் போய்ப் பேசுங்கள். பேசும்போது அசெம்பிளி லிஸ்டிங் பிரிண்ட் அவுட் ஏதாவது கிடக்கிறதா என்று கேளுங்கள், கூடவே பின்னால் சுற்றும்போது எத்தனை பிக் வரை அந்தப் புரோகிராம் அனுமதிக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், 32-க்கு மேல் என்று சொன்னால் நான் மேலே சொன்ன 64-ஐ 128 ஆக்கவேண்டும்.